ஏரியில் ஒரு பாடு, மலாயில் ஒரு பாடு

பழவேற்காடு ஏரியின் மீனவர் ஊர்களில் ஒன்று பசியாவரம். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: பசியா வரம். பசிக்காமல் இருக்க ஒரு வரம். மீனும் இறாலும் தரும் ஏரிக்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரமும் இருக்கிறது. அங்கே யாரும் யாருக்கும் வரம் கொடுக்கவில்லை. பல்லவபுரம் என்பது நாக்கில் தேய்ந்து பல்லாவரம் ஆயிற்று. ராமேஸ்வரத்தின் கடைசியில் நிற்கும் ‘வரம்’ ஈஸ்வரத்தின் வால். காதுக்கு எல்லாம் ஒரே வரம்தான். பிறப்பு மட்டும் வேறு வேறு.

காதை மட்டும் நம்பி ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லிவிட முடியாது. இதை நன்றாக விளங்கிக்கொள்ள அதே ஏரிக்கரையில் புழங்கும் இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: பாடு.

ஏரிக்காரர்களின் பாடு

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆழம் குறைந்த ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரோட்டம் பிடிக்கும். அந்த ஓட்டத்தோடு இறால் வரும். ஆனால் இறால் நிறைய விழும் இடங்கள் ஏரி முழுக்க இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்கள்தான். அங்கே கழி நட்டு வலை கட்டினால் நல்ல வரும்படி.

இடம் சில, ஆள் பல. எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்தார்கள். இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று சுற்று வரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இந்த ஏற்பாட்டுக்குப் பேர்போனவை. இதற்குத்தான் பாடு என்று பெயர். வலை கட்டும் இடமும் பாடு, அந்த இடத்தில் வலை கட்டும் முறையும் பாடு.

சொல் இந்த ஒரு ஏரியோடு நிற்கவில்லை. கொச்சிக் காயலில் ஊன்னி வலை கட்டும் மீனவர்களிடமும் பாடு முறை உண்டு. இலங்கையின் தமிழ்க் கடற்கரையில் கரைவலை இழுக்கும் இடம் பாடு. கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாடு என்றே ஒரு கடலோர ஊர் இருக்கிறது.

மீன்வள ஆய்வாளர்கள் இந்தப் பாடு முறையைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அரசாங்கம் சட்டம் போடாமலேயே மக்கள் ஒரு பொது வளத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு உதாரணமாக அதைக் காட்டுவது வழக்கம். ஆனால் அதில் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டில் பங்கு பரம்பரை மீனவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்குத்தான். பிழைப்புக்காகப் பின்னால் ஏரிக்கு வந்தவர்களுக்கு முறை கிடையாது. அதையொட்டிச் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன.

படு, பாடு

பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று ஒன்று படித்திருப்போம். கெடு என்பது கேடு ஆகும், சுடு என்பது சூடு ஆகும், பெறு என்பது பேறு ஆகும். வினையின் முதல் எழுத்து நீண்டால் பெயர்ச்சொல் பிறக்கும். அந்த வரிசையில் படு என்பது பாடு ஆகிறது.

படு என்றால் என்ன? விழு, தட்டு, அகப்படு, அனுபவி. வலையில் மீன் படும், அது மீன்பாடு. “இன்னைக்கு மீன்பாடு எப்படி?” என்று கடலோரத்தில் கேட்டால், எவ்வளவு பிடிபட்டது என்று பொருள். துன்பம் வந்து மேலே படும். அது படும் பாடு. பாடுபடுகிறவர் பாட்டாளி. சூரியன் மேற்கே படும், அதுவும் பாடுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுதை ஒதுக்கும்போது, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்குக் கொடுத்தது எற்பாடு. எல் என்றால் சூரியன். எற்பாடு என்றால் அது சாயும் வேளை. மீனவர் நிலத்துக்கு வாய்த்த பொழுதிலேயே ஒரு பாடு ஒளிந்திருக்கிறது.

இந்தப் படு பிறகு பல சொற்களோடும் ஒட்டிக்கொண்டது. உடன்படு, உடன்பாடு. முரண்படு, முரண்பாடு. கட்டுப்படு, கட்டுப்பாடு. வழிபடு, வழிபாடு. இந்தப் பட்டியலை நாளிதழின் ஒரே பக்கத்தில் தேடி எடுத்துவிடலாம்.

ஆனால் இங்கேயும் காது ஏமாற்றும். சாப்பாடு என்பதில் வரும் ‘பாடு’ இந்தக் குடும்பம் இல்லை. அதன் வினை சாப்பிடு; அதில் இருப்பது இடு, படு அல்ல. கூப்பிடு, கூப்பாடு ஆனதைப் போல அது சாப்பாடு ஆயிற்று. மறுபக்கம், “அவன் பாட்டுக்குப் போகிறான்” என்கிறோமே, அதில் பாட்டு கேட்கிறது, பாட்டு இல்லை. வீடு என்பது வீட்டுக்கு என்று ஆவதுபோல, பாடு என்பது பாட்டுக்கு என்று ஆகியிருக்கிறது. தன் பாட்டைத் தான் பார்த்துக்கொண்டு போகிறான் என்பதே அது. வாயைத் திறந்து பாடும் பாடு இன்னொரு தனிச்சொல். ஒரே மொழிக்குள்ளேயே இத்தனை வழுக்கல் என்றால், மொழி விட்டு மொழி போனால் எப்படி இருக்கும்?

அக்கரையில் தெலுங்கு

ஏரியின் வடகரையில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்கிலும் பாடு உண்டு. பாடு என்றால் பாட்டுப் பாடு. அது நம் பாடலின் நேர் உறவு, சந்தேகமில்லை. ஆனால் தெலுங்கில் இன்னொரு பாடு இருக்கிறது. கெட்டுப்போனது, அழிந்தது என்று பொருள். ஒரு பொருள் பழுதாகிவிட்டால் ‘பாடைப்போயிந்தி’ என்பார்கள். துன்பம் என்ற பொருளுள்ள நம் பாடுதானே இது என்று உடனே முடிச்சுப் போடத் தோன்றும்.

தப்பு. தமிழில் ழகரம் வரும் இடத்தில் தெலுங்கில் பல சமயம் டகரம் வரும். நம் ஏழு அவர்களுக்கு ஏடு. நம் கோழி அவர்களுக்குக் கோடி. அதே கணக்கில் நம் பாழ் அவர்களுக்குப் பாடு. அதாவது தெலுங்கின் அழிந்த பாடு, தமிழின் பாழ். அப்படியானால் நம் படும் பாட்டுக்குத் தெலுங்கில் ஈடு எது? அதுவும் இருக்கிறது; அதில் டகரம் அழுத்தமாக, நம் ‘பாட்டு’ என்பதில் கேட்பதுபோல ஒலிக்கும். நம் ஏற்பாடு அங்கே ஏர்பாட்டு.

உறவைக் காட்டும் சாட்சி ஒலி ஒற்றுமை இல்லை, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றம்தான். கன்னடத்தைப் பாருங்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் அங்கே ஹகரமாகிறது. பால், ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பாடு, ஹாடு. காதுக்குப் பாடும் ஹாடும் அவ்வளவு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அவை உடன்பிறப்புகள். ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் தற்செயல் எனலாம். நூற்றுக்கணக்கில் ஒரே விதமாக நடந்தால் அது விதி. இப்படிச் சொற்களை அடுக்கி ஒப்பிட்டுத்தான், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு குடும்பம் என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை விரித்து ஒப்பிலக்கணம் எழுதினார்.

இதுவரை பார்த்தது உறவு. ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

கடன் போன பாடு

சிங்களத்தில் பாடுவ என்றால் நட்டம். சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கு உடன்பிறப்பு இல்லை. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்து வீடு. கடை அங்கே கடே ஆனது, பாலம் பாலம ஆனது, முதலாளி முதலாளியாகவே போய்ச் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தோடு போனதுதான் பாடு. வியாபாரத்தில் ஒருவர் பட்ட பாடு, அங்கே நட்டம் என்ற பொருளோடு நிலைத்துவிட்டது.

கடன் சொல்லை எப்படி அடையாளம் காண்பது? அது தனியாக வராது. வணிகம், வேலை, சாப்பாடு, உடை என்று ஏதாவது ஒரு வாசல் வழியாகக் கும்பலாக வரும். இரண்டு மக்களும் எங்கே சந்தித்தார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதற்கு வரலாற்றில் தடம் இருக்கும்.

தற்செயலாக ஒரு பாடு

இனி மலாய்க்கு வருவோம். மலாயில் பாடு என்றால் கெட்டியானது, நெருக்கமாக இணைந்தது. அதிலிருந்து வந்த பெர்பாடுவான் என்றால் ஒற்றுமை. மலேசிய இளைஞர்கள் ஒன்று பிரமாதமாக இருந்தால் ‘பாடு’ என்று பாராட்டுவார்கள். 2024 ஜனவரியில் மலேசிய அரசு குடிமக்களின் விவரங்களைத் திரட்டும் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கியது; அதன் பெயரும் பாடு. அது ‘பங்காலான் டாத்தா உத்தாமா’ என்ற மூன்று சொற்களைச் சுருக்கிச் செய்த பெயர். ஜாவா மொழியிலோ இதே ஒலி சண்டை, சச்சரவு. மலாயில் ஒற்றுமையும் ஜாவாவில் சண்டையுமாக நிற்கும் சொல்லைப் பார்த்ததும், பாட்டுக்காக ஏரியில் நடந்த சண்டையும் உடன்பாடும்தான் கடல் தாண்டிப் போயின என்று ஒரு கதை கட்டிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். உண்மையாக இருக்காது.

எஸ்டோனியாவில் அடைமழைக்குப் பதுவிஹ்ம் என்று பெயர். விஹ்ம் என்றால் மழை. இத்தாலியில் ஓடும் போ ஆற்றை ரோமானியர்கள் பதுஸ் என்றார்கள். இவற்றையும் ஆங்கில எழுத்தில் எழுதினால், முதல் நான்கு எழுத்து அச்சாக நம் பாடுதான்: பி, ஏ, டி, யு.

இங்கே ஒரு சூது இருக்கிறது. அந்த நான்கு எழுத்தும் குறிலா நெடிலா என்று சொல்லாது. நாக்கு பல்லில் பட்டதா, மேலண்ணத்தில் வளைந்து பட்டதா என்றும் சொல்லாது. படு, பாடு, பது, பாது நான்கையும் அதே நான்கு எழுத்தில் எழுதிவிடலாம். மலாய்ச் சொல்லில் முதல் உயிர் குறுகியது. நாக்கும் நம் டகரத்துக்கு வளைவதுபோல வளையாது. தமிழ் எழுத்தில் தனித்தனியாக நிற்க வேண்டியவை, ஆங்கில எழுத்தில் ஒரே உருவமாகி உறவு கொண்டாடுகின்றன. ‘எல்லாமே தமிழ்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களில் பாதி இந்த எழுத்து மயக்கம்தான்.

சரி, தற்செயலாக இத்தனை ஒற்றுமை வருமா? சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மொழியில் 15 மெய், 5 உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடு மாதிரி மெய், உயிர், மெய், உயிர் என்று அமையும் சொற்கள் எத்தனை சாத்தியம்? 15 பெருக்கல் 5, மறுபடி பெருக்கல் 15, மறுபடி பெருக்கல் 5. மொத்தம் 5,625. உலகில் உள்ள மொழிகளோ ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் சொற்களும் ஆயிரக்கணக்கில். இந்தச் சின்னப் பெட்டிக்குள் அத்தனை மொழிகளின் குட்டைச் சொற்களும் அடைய வேண்டும். மோதாமல் இருந்தால்தான் அதிசயம்.

பொருளும் சேர்ந்தே மோதுவது உண்டு. ஆஸ்திரேலியாவில் ம்பபராம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. மொழியியல் அறிஞர் டிக்சன், 1960-களில் அந்த மொழி தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, நாய்க்கு உங்கள் சொல் என்ன என்று கேட்டார். வந்த விடை: டாக். அதே பொருள், அதே ஒலி. ஆங்கிலத்திலிருந்து எடுத்ததா? இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் நாய் குடக. ம்பபராமில் சொல்லின் முன்னும் பின்னும் தேய்ந்து அந்த உருவம் மிஞ்சியது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் டொக்கா. இரண்டும் இரண்டு திசையிலிருந்து நடந்து வந்து ஒரே இடத்தில் நின்ற கதை.

பழவேற்காட்டிலிருந்து உண்மையாகவே போன சொல்

மலாய்க்கும் நம் ஏரிக்கும் ஒட்டு உறவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பாட்டில் இல்லை, துணியில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். இங்கிருந்து கப்பலேறியது முக்கியமாகத் துணி. கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கக் காசைவிடச் சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லுபடி ஆனது. கட்டம் போட்ட அந்தத் துணிக்கு, அது ஏறிய துறைமுகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. மலேசியாவில் இன்றும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். காயின் என்றால் துணி; பெலிக்காட் என்றால் பழவேற்காடு. ஆங்கிலத்திலும் புலிகாட் என்று ஒரு வண்ணக் கைக்குட்டை இருந்தது. பழவேற்காட்டை வேல மரக் காடு என்று பிரிக்கும் நமக்கு, புலிகாட்டில் தமிழ்ப் புலியும் ஆங்கிலப் பூனையும் தெரியும். இரண்டுமே அந்தக் காட்டில் இல்லை.

மலாயில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அந்த மொழியில் லெக்காட் என்றால் ஒட்டிக்கொள். அதிலிருந்து சுவரில் ஒட்டும் தாளுக்குப் பெலெக்காட் என்று ஒரு சொல். கைலியின் பெயரையும் பலர் அப்படியே பெலெக்காட் என்று எழுதுகிறார்கள். ஆக மலாயில் ஒட்டும் பெலெக்காட்டும் உண்டு, கட்டும் பெலெக்காட்டும் உண்டு. ஒன்று அந்த மண்ணில் முளைத்தது, மற்றது நம் ஏரிக்கரையிலிருந்து கப்பலில் போனது. வரலாறு தெரியாதவர், உடம்போடு ஒட்டிக்கொள்வதால் கைலிக்கு இந்தப் பெயர் என்று சொன்னால் மறுக்க முடியாது போலத் தோன்றும்.

அம்மா, அப்பா

இன்னொரு வகையும் பாக்கி இருக்கிறது. கொரிய மொழியில் அம்மாவை ஒம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் கூப்பிடுகிறார்கள் என்று வியக்காத தமிழர் குறைவு. இதற்கு உறவும் வேண்டாம், கடனும் வேண்டாம். உதட்டை மூடித் திறந்தால் வருபவை மகரமும் பகரமும். குழந்தைக்கு முதலில் வாய்க்கும் ஒலிகள் அவை. அருகில் இருப்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் உலகெங்கும் இப்படி இருக்கிறது. ஆனால் யார் எதை எடுத்துக்கொள்வது என்பதில் வேறுபாடு வரலாம். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மா அங்கே தெதா.

எப்படிச் சோதிப்பது?

அடுத்த முறை வேறொரு மொழியில் ஒரு தமிழ்ச் சொல் உங்கள் காதில் விழுந்தால், அதை நாலு பேருக்கு அனுப்பும் முன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: இரண்டும் உண்மையில் ஒரே ஒலியா, அல்லது ஆங்கில எழுத்தில் மட்டும் ஒன்றா? மலாய்ப் பாடு இந்த முதல் படியிலேயே தடுக்கி விழும்.

இரண்டு: அதே மாற்றம் வேறு பத்துச் சொற்களிலும் வருகிறதா? கோழி, கோடி; ஏழு, ஏடு; பாழ், பாடு என்பதுபோல வரிசை கிடைத்தால் உறவு.

மூன்று: இரண்டு மக்களும் சந்தித்ததற்குத் தடம் உண்டா, கூடவே வேறு சொற்களும் போயிருக்கின்றனவா? பெலிக்காட் கைலிக்குக் கோட்டை சாட்சி, கப்பல் சாட்சி. சிங்களப் பாடுவவுக்குக் கடேயும் முதலாளியும் சாட்சி.

நான்கு: சொல்லின் பழைய வடிவம் என்ன? பல்லாவரத்துக்குப் பின்னால் பல்லவபுரம் இருந்ததைப்போல, பழைய வடிவங்கள் கிடைத்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நான்கிலும் தேறாவிட்டால் அது தற்செயல். அதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏரியிலும் கடலிலும் வயலிலும் புழங்கும் தொழிற்சொற்களை எழுதி வைக்கிறவர்கள், அவற்றை முதலில் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். சொல்லிய ஊரின் பெயரையும், அதைச் சொன்ன வாக்கியத்தையும் பக்கத்தில் போடுங்கள். ஆய்வறிக்கைகளில் நான்கு ஆங்கில எழுத்தாகப் போய்ச் சேர்ந்த ஏரிப்பாடு, படுவா பாடா என்று தெரிய மறுபடியும் ஏரிக்கரைக்கே வந்து கேட்க வேண்டியிருக்கிறது.